புதுப்பிப்பு: ஆயில் குறைந்ததற்குக் காரணம் பிசிவி வால்வு

முதல் பதிவில் கேட்டது இதுதான்: 1000 கி.மீ.க்கு அரை லிட்டர் இன்ஜின் ஆயில் குறைகிறது, வண்டிக்கு அடியில் ஒரு சொட்டுகூட இல்லை, எங்கே போகிறது? விடை கிடைத்துவிட்டது. பிசிவி வால்வு (இன்ஜினின் அடிப்பகுதியில் சேரும் வாயுவை இன்டேக்குக்கு, அதாவது காற்று உள்ளே போகும் பாதைக்கு, அனுப்பும் சின்ன வால்வு) திறந்த நிலையிலேயே சிக்கியிருந்தது.

கழற்றிக் குலுக்கினால் உள்ளே 'கடகட' என்று ஆட வேண்டும். இது ஆடவே இல்லை. கறுப்பாகப் பிசின் அப்பியிருந்தது. திறந்தே கிடந்தால் இன்டேக்கின் வெற்றிடம் ஆயில் ஆவியை ஓயாமல் உறிஞ்சும், அது எரிந்து போய்விடும். இன்டேக் பக்கம் போகும் ஹோஸின் உட்புறம் ஆயில் ஈரம் இருந்ததுதான் முதல் துப்பு.

பிஸ்டன் ரிங் (பிஸ்டனைச் சுற்றி ஆயில் மேலேறாமல் தடுக்கும் வளையம்) போய்விட்டது என்று பயந்து இன்ஜினைப் பிரித்துவிடாதீர்கள்! முதலில் கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் உருவாகும் அழுத்தம், எவ்வளவு என்று பாருங்கள். குறைவாக இருந்தால் அந்தச் சிலிண்டரில் ஒரு டீஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி பாருங்கள். அளவு நன்றாக ஏறினால் கோளாறு ரிங்கில், ஏறாவிட்டால் சிலிண்டரின் வால்வில் அல்லது ஹெட் கேஸ்கெட்டில் (சிலிண்டர் ஹெட்டுக்கு அடியில் உள்ள அடைப்புத் தகடு). இங்கே நான்கு சிலிண்டரிலும் அளவு சரியாகவே இருந்தது. ஸ்டார்ட் செய்தவுடன் மட்டும் நீலப் புகை வந்தால் சிலிண்டரின் வால்வு வழியே ஆயில் இறங்காமல் தடுக்கும் வால்வு சீலைச் சந்தேகிக்கலாம்.

புது பிசிவி வால்வும் ஹோஸும் மாட்டி 1000 கி.மீ. ஆயிற்று. சமதளத்தில் நிறுத்தி, இன்ஜினை அணைத்து 10 நிமிடம் கழித்துப் பார்த்தால், டிப்ஸ்டிக்கில் ஆயில் மேல் கோட்டிலேயே நிற்கிறது.