புதுப்பிப்பு: அந்தக் கார் இன்னும் எங்களிடம்தான் இருக்கிறது

தோட்ட வருமானத்தில் கார் வைத்திருக்கக் கட்டுப்படியாகுமா என்று போன வருடம் கேட்டிருந்தேன், லீசிங் வேண்டாம் என்றீர்கள், அதன்படியே செய்தேன். 2020 இல் இலங்கையில் வாகன இறக்குமதியை நிறுத்தியபிறகு பழைய கார்களே விலை ஏறிக் கிடந்தபடியால், மனைவியின் சீட்டுக் காசும் அண்ணையிடம் வாங்கிய கைமாற்றும் சேர்த்துத்தான் இந்த மாருதி 800. அம்மாவைச் சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணப் பெரியாஸ்பத்திரி கிளினிக்குக் கொண்டுபோகத்தான் எடுத்தோம். கிளினிக் நாளில் அயல்வீட்டு ஆச்சியும் வருவா, பெட்ரோலுக்கென்று அவ தரும் காசு நேரே பால்மா டின்னுக்குள் போகும், காப்புறுதி, புகைப் பரிசோதனை, வருட வரிப்பத்திரம் எல்லாம் அந்த டின்னிலிருந்துதான். உண்மையில் பயமுறுத்தியது டயர். நூல் தெரியத் தேய்ந்த இரண்டையும் வெங்காயம் விற்ற கையோடு மாற்றினேன். சரி, அண்ணையின் கடன் முடிந்தது, சீட்டு இன்னும் ஐந்து மாதம் கட்ட வேண்டும்.