சோழவந்தான் வீடு (குடும்பக் குழு)

பெரிய அத்தை: ஞாயிறு கருமாதி. பிரேம் கடைக்காரர் இன்று சாயங்காலத்துக்குள் அம்மா படம் வேண்டும் என்கிறார்.

சித்தப்பா: ஆதாரில் இருப்பதையே கொடுத்து விடலாமே அக்கா

பெரிய அத்தை: அது அம்மா முகமா?

முத்து மதினி: பொங்கலுக்குக் கதிர் தம்பி ரோல் கேமராவில் எடுத்ததே, திண்ணையில் வெற்றிலை இடித்தபடி. அது?

கதிர்: காலையில்தான் டெவலப் செய்தேன் மதினி. நன்றாக வந்திருக்கிறது. பின்பக்கக் குளியலறையில் தொங்குகிறது. ஒரு மணி வரை யாரும் கதவைத் திறக்க வேண்டாம்.

முத்து மதினி: ஃப்ரீஸரில் இருந்த ஐஸ் எல்லாம் அதற்குத்தான் போச்சா

கதிர்: ஆமாம். ஃபிலிமைக் கழுவுகிற டெவலப்பர் மருந்தை 20 டிகிரிக்கு இறக்க வேறு வழியில்லை.

மாமா: மொட்டைமாடிக் கொடியில் போடப்பா. அடிக்கிற வெயிலுக்குப் பத்து நிமிடம்.

கதிர்: வேண்டவே வேண்டாம் மாமா. படம் இருப்பது ஜெலட்டின் பூச்சில். தண்ணீரில் ஊறினால் அது வீங்கி மெத்தென்று ஆகிவிடும். அப்போது ஒரு தூசி விழுந்தால் அதிலேயே பதிந்துவிடும், காய்ந்த பிறகு துடைத்தாலும் போகாது. அதனால்தான் குளியலறை. முதலில் வெந்நீரைத் திறந்துவிட்டு ஆவி பரவ விட்டேன், தூசியெல்லாம் தரையில் படிந்துவிட்டது. ரோல் ஒன்றரை மீட்டருக்கு மேல் நீளம். மேலே ஒரு கிளிப், கீழே கனமான கிளிப். கீழே கனம் இல்லாவிட்டால் சுருண்டு தன்மேலேயே ஒட்டிக்கொள்ளும். மூன்று நான்கு மணி நேரம் சும்மா விட வேண்டும், அவ்வளவுதான்.

சித்தப்பா: குளிக்க எங்கே போவது

பெரிய அத்தை: கிணற்றடி எதற்கு இருக்கிறது

முத்து மதினி: மோட்டார் ஓடினால்தானே. ரிப்பேர் காசு யார் தருவது என்று போன ஆடியில் ஆரம்பித்த பேச்சு

சித்தப்பா: அதை இங்கே பேச வேண்டாம்

மாமா: ஹேர் டிரையர்?

கதிர்: அதுவும் ஃபேனும் தூசியைக் கிளப்பும் மாமா. சூட்டில் ஃபிலிமும் வளையும்.

சித்தப்பா: போர் தண்ணீரிலா அலசினாய்? குடமே வெள்ளை பூத்துப் போகிற தண்ணீர்

கதிர்: கடைசி அலசல் பேட்டரிக்கு ஊற்றுகிற டிஸ்டில்டு வாட்டரில் சித்தப்பா. அதில் ஃபோட்டோ ஃப்ளோ என்கிற திரவம், 200 பங்கு தண்ணீருக்கு 1 பங்கு. அப்போதுதான் தண்ணீர் சொட்டாக நிற்காமல் வழிந்தோடும். சொட்டு நின்று காய்ந்தால் கறை. பளபளப்பான பக்கத்தில் விழுந்தால் துடைத்து விடலாம். ஜெலட்டின் இருக்கிற மங்கலான பக்கத்தில் விழுந்தால் பிரிண்டில் முகத்துக்கு நடுவே தெரியலாம். ஒரு படத்தில் அப்பத்தா உலக்கையை நிறுத்திவிட்டு நேராக நம்மையே பார்க்குது. அதில் ஒரு புள்ளிகூட விழ விடமாட்டேன்.

பெரிய அத்தை: தண்டட்டி தெரிகிறதா?

கதிர்: இரண்டு காதிலும் தெளிவாகத் தெரிகிறது அத்தை. இப்போது நெகட்டிவ் என்பதால் தண்டட்டி மின்னுகிற இடமெல்லாம் கறுப்பு. நரைமுடியும் கறுப்பு.

பெரிய அத்தை: 😢

பெரிய அத்தை: அந்தத் தண்டட்டி இப்போது யாரிடம்?

சித்தப்பா: காரியம் முடியட்டும் அக்கா

பெரிய அத்தை: அப்பா காரியத்திலும் இதையேதான் சொன்னாய்

மாமா: வாய் நிறைய வெற்றிலை போட்ட படம் மாலை போட்டு வைக்கச் சரியாக இருக்குமா

முத்து மதினி: அதுதான் அப்பத்தா

பெரிய அத்தை: கலரில்லையா கதிரு?

கதிர்: கறுப்பு வெள்ளைதான் அத்தை. காய்ந்ததும் ஆறு ஆறு படமாக வெட்டி ஸ்கேன் போட்டு அனுப்புகிறேன், பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.

சித்தப்பா: கடையில் நாளைக் காலை என்று சொல்லிவிட்டேன். 12க்கு 18-ஆ, 16க்கு 20-ஆ என்று கேட்கிறார்

கதிர்: 12க்கு 18. ஃபிலிமும் அதே விகிதம்தான், ஓரம் வெட்டுப்படாது.

பெரிய அத்தை: பெரிதாகவே சொல். கூடத்தில் அப்பா படம் பெரிது.

சித்தப்பா: ஆதார் படத்தையும் எதற்கும் அனுப்பி வைக்கிறேன்

முத்து மதினி: சாம்பிராணி போடலாமா இப்போது?

கதிர்: கொஞ்சம் பொறுங்கள் மதினி, புகை அங்கேதான் வரும்.