வெள்ளைக் கல் போட்டதிலிருந்து ரஸ்போரா சாகிறது, பிஎச் இறங்கவே மாட்டேன் என்கிறது

தோட்டத்துத்தம்பி (சுங்கை சிப்புட்):
வணக்கம். இரண்டடி டேங்க், ஏறக்குறைய 50 லிட்டர். ஹார்லிக்குயின் ரஸ்போரா 12 வைத்திருந்தேன், நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தன. தீபாவளிக்கு வீட்டுக்குச் சாயம் அடித்தபோது டேங்கும் பளிச்சென்று இருக்கட்டும் என்று, கறுப்பு மணலை அள்ளிவிட்டு, பூச்செடிக் கடையில் விற்கும் வெள்ளைச் சிப்ஸ் கல் இரண்டு பை கழுவிப் போட்டேன். அதற்கப்புறம் நான்கு மீன் போய்விட்டது. மிச்சமுள்ள எட்டும் துடுப்பை ஒடுக்கிக்கொண்டு மூலையில் நிற்கின்றன. காலையில் விளக்கைப் போட்டால் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகின்றன.

பிஎச் (தண்ணீரின் அமில-கார அளவு) 8. குழாய்த் தண்ணீர் 7தான். பிஎச் குறைக்கும் மருந்து ஊற்றினால் இரவில் 7, மறுநாள் மாலையில் மறுபடியும் 8. மருந்து போலியா? கடைக்காரர் இன்னும் கொஞ்சம் ஊற்றச் சொல்கிறார்.

பழையலயம்:
மழைத்தண்ணீர் பிடித்து ஊற்றிப் பாருங்கள் தம்பி. சுண்ணாம்பே இருக்காது. நாங்கள் லயத்தில் இருந்தபோது தகரக் கூரைத் தண்ணீரில்தான் மீன் வளர்த்தோம்.

கெத்தாப்பாங்அக்கா:
தம்பி, முதலில் அந்த மருந்தை நிறுத்துங்கள். போலி இல்லை, அது சரியாகத்தான் வேலை செய்கிறது. கல்தான் பிரச்சினை.

நம் பக்கம் விற்கும் வெள்ளைச் சிப்ஸ் பெரும்பாலும் சலவைக்கல். ஈப்போவைச் சுற்றி நிற்கிற மலைகளே சுண்ணாம்பு மலைகள்தானே, சலவைக்கல் அதன் உறவுதான். இரண்டுமே கால்சியம் கார்பனேட். நீங்கள் ஊற்றுவது அமிலம். அது தண்ணீரிலுள்ள கார்பனேட்டைத் தின்று பிஎச்சை இறக்கும். உடனே கல் இன்னும் கொஞ்சம் கரைந்து பழையபடி ஏற்றிவிடும். ஒவ்வொரு தடவையும் தண்ணீர் முன்னைவிடக் கடினமாகிறது, மீனோ தினம் ஒரு பிஎச்சில் மூச்சு விடுகிறது. நிலையான 8ஐக்கூட ரஸ்போரா ஓரளவு தாங்கியிருக்கும், இந்த ஊஞ்சல்தான் கொல்கிறது. அது நம் தீபகற்பத்துச் சதுப்புக்காட்டு ஓடைகளில் இருக்கிற மீன். தேநீர் நிறத்தில், மென்மையாக, கொஞ்சம் அமிலமாக இருக்கும் தண்ணீர் அதன் வீடு.

மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவையும் பாருங்கள். பிஎச் 7லிருந்து 8க்கு ஏறினால், அதே அம்மோனியாவில் நச்சாக நிற்கும் பங்கு கிட்டத்தட்ட பத்து மடங்காகும். பழைய மணலோடு, அம்மோனியாவைத் தின்னும் நல்ல பாக்டீரியாவிலும் ஒரு பகுதியை வெளியே அள்ளிவிட்டீர்கள்.

ஒரு கல்லை உலர்த்திப் பொடித்து, மேலே நான்கு சொட்டு வினிகர் விடுங்கள், நுரைத்தால் சுண்ணாம்புதான். முழுக் கல்லில் விட்டால் சலவைக்கல் சோம்பேறித்தனமாகத்தான் நுரைக்கும், ஒன்றுமில்லை என்று ஏமாந்துவிடுவீர்கள்.

பழையலயம் அண்ணன் சொன்ன மழைத்தண்ணீர் நல்லதுதான், ஆனால் கல் உள்ளே இருக்கும்வரை வீண். மென்மையான தண்ணீர் கல்லை இன்னும் ஆசையாகக் கரைக்கும்.

தோட்டத்துத்தம்பி:
அம்மியில் பொடித்தேன், அம்மா ஏசினார். வினிகர் விட்டதும் சோடாவைப் போலச் சீறியது அக்கா! கண்ணாடியில் தண்ணீர்க் கோட்டுக்கு மேலே வெள்ளையாகப் படிந்திருப்பதும் இதுதானா?

கேஎச் (தண்ணீரில் கரைந்துள்ள கார்பனேட் அளவு) பார்த்தேன், 9. குழாயில் 2. அம்மோனியா 0.5.

கப்பிக்காரன்:
கல்லை விட்டுவிட்டு மீனை மாற்றுங்கள் பாஸ். கப்பி, மோலிக்கு இந்தத் தண்ணீர் சொர்க்கம்.

கெத்தாப்பாங்அக்கா:
ஆமாம், அந்தப் படிவும் சுண்ணாம்புதான். கப்பிக்காரன் சொல்வதும் தப்பில்லை. மலாவி ஏரி சிக்லிட் மீன் வளர்ப்பவர்கள் பிஎச்சை ஏற்றுவதற்காகவே பவளத்தூள் போடுகிறார்கள். ஆனால் தம்பியிடம் இருப்பது ரஸ்போரா.

கல்லை ஒரே நாளில் அள்ளாதீர்கள். மூன்று நாளுக்கு ஒரு தடவை கால் பங்கு. நெகிழிக் குவளையால் மெதுவாக, அழுக்கு கிளம்பாமல். தினமும் 15 சதவீதம் தண்ணீர் மாற்றுங்கள், குளோரின் நீக்கி ஊற்ற மறக்காதீர்கள். ஃபில்டர் பஞ்சைக் குழாய்த் தண்ணீரில் கழுவாதீர்கள். தீனி இரண்டு நாளுக்கு ஒருமுறை போதும். கடைசியில் கழுவிய ஆற்று மணல் போடுங்கள், அதையும் வினிகரில் சோதித்துவிட்டு. அக்குவா சாயில் (டேங்க் செடிகளுக்கென விற்கும் மண்) பிஎச்சை இறக்கும்தான், ஆனால் பலவகை முதல் சில வாரம் அம்மோனியா கக்கும். மீன் உள்ளே இருக்கும்போது வேண்டாம்.

கெத்தாப்பாங் (நாட்டு வாதுமை) இலை ஒன்றிரண்டு போடலாம். பள்ளிக்கூட வேலியோரம் உதிர்ந்து கிடப்பதே போதும், பூச்சி மருந்து அடிக்காத இடமாகப் பாருங்கள்.

தோட்டத்துத்தம்பி (மூன்று வாரம் கழித்து):
பிஎச் 7.2, கேஎச் 3, அம்மோனியா இல்லை. நடுவில் ஒன்று போனது. மீதி ஏழும் தெளிந்துவிட்டன. பக்கவாட்டிலுள்ள அந்தக் கறுப்பு முக்கோணம் மறுபடி அழுத்தமாகத் தெரிகிறது, நேற்று தீனி போட்டதும் முதல் ஆளாக முன்னால் வந்தன. கல்லை அம்மா துளசி மாடத்தைச் சுற்றிப் பரப்பிவிட்டார். ஒரு வாளி மட்டும் மிச்சம் இருக்கிறது. கப்பிக்காரன் அண்ணே, ஓரடி டேங்கில் எத்தனை கப்பி விடலாம்?