பம்பாய் சீதனமாகப் போகாமல் இருந்திருந்தால்?

தாராவி, மாதுங்கா நண்பர்களே, ஒரு உதவி. மாற்று வரலாற்றுக் கதைகளுக்கென்றே 1995இல் தொடங்கிய சைட்வைஸ் விருது வாங்கிய சிறுகதை ஒன்றைப் படித்துவிட்டு, நானும் ஒன்று எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

என் கதையில், இங்கிலாந்து ராஜா இரண்டாம் சார்லஸுக்கும் போர்ச்சுகல் இளவரசிக்கும் போட்ட 1661 திருமண ஒப்பந்தத்தில் போர்ச்சுகல் பம்பாயைச் சீதனமாக எழுதித் தரவில்லை. (நிஜத்தில் வாங்கிக்கொண்ட சார்லஸ் ராஜா, 1668இல் வருஷம் 10 பவுண்ட் வாடகைக்குக் கிழக்கிந்தியக் கம்பெனியிடம் தள்ளிவிட்டார். இன்றைக்கு இங்கே யாராவது அப்படி வாடகை சொல்வார்களா!)

அப்படியானால் திருநெல்வேலியிலிருந்து நம் ஆட்கள் தோல் பதனிட இங்கே வந்திருப்பார்களா, கோவாவுக்கா? அங்கேதான் கதை முட்டி நிற்கிறது. தாத்தாவின் நகக்கண்ணில் கடைசிவரை போகாத கடுக்காய்க் கறை மட்டும்தான் எனக்கு ஞாபகம். பழைய பதனிடும் கொட்டகைகளில் வேலை பார்த்த பெரியவர்கள் உங்கள் வீட்டில் இருந்தால், ஞாயிற்றுக்கிழமை வந்து அரைமணி நேரம் பேசலாமா? டீயும் முறுக்கும் என் செலவு.