முதல் உலகப்போர் பிரிட்டிஷ் அதிகாரிகளின் கோப்புகள் எங்கே?

கேள்வி: 1916-இல் பிரான்சின் சோம் போர்முனையில் இருந்த ஒரு பிரிட்டிஷ் லெப்டினன்ட்டின் பணிப்பதிவைத் தேடுகிறேன். எல்லாம் எரிந்துபோச்சு என்கிறார்களே, உண்மையா?

பதில்: பாதி உண்மை. 1940 செப்டம்பரில் லண்டனில் ஜெர்மன் குண்டுவீச்சில் அதிகாரிகளின் முதன்மைப் பணிப்பதிவும் மேலதிகாரிகள் எழுதிய ரகசிய மதிப்பீடுகளும் எரிந்துவிட்டன, ஆனால் அவர்களைப் பற்றிய கடிதப் போக்குவரத்தைச் சேர்த்துவைத்த கோப்பு பல பேருக்குத் தப்பியிருக்கிறது. அதிலும் வேண்டாத தாள்களை முன்பே களைந்துவிட்டார்கள். ஆனாலும் காயம்பட்டவருக்கு மருத்துவக் குழு எழுதிய அறிக்கை, பணத் தகராறு, இறந்தவரின் உடைமைப் பட்டியல் என்று கிடைப்பதைப் பார்த்தால், எனக்கென்னவோ எரிந்ததைவிட இதுதான் சுவாரசியம்.

இன்னொரு பதில்: லண்டனில் கியூ என்ற இடத்தில் உள்ள தேசிய ஆவணக்காப்பகத்தில் டபிள்யூஓ (போர் அலுவலகம்) 339 வரிசையில் தேடுங்கள். டெரிட்டோரியல் படை (பகுதிநேரத் தன்னார்வலர் படை) என்றால் டபிள்யூஓ 374. 1922-க்குப் பிறகும் பணியில் நீடித்தாரா? அப்படியென்றால் இந்த வரிசைகளில் கிடைக்காது.

கேட்டவர்: இல்லை, 1919-லேயே விலகிவிட்டார். சரி, 339-இல் பார்க்கிறேன்.