மொபைல் ஹோம் பார்க்குகளுக்குப் பொதுக் குடிநீரும் கழிவுநீர்க் குழாயும்: செலவு யாருடையது?

கல்லணை:
கலிஃபோர்னியாவின் கிழக்குக் கோச்செல்லா பள்ளத்தாக்கில், தெர்மல் ஊரைச் சுற்றியுள்ள மொபைல் ஹோம் பார்க்குகளுக்கு, அதாவது இன்னொருவரின் நிலத்தில் மனை வாடகை கொடுத்து, பெயர்த்தெடுக்கக்கூடிய சொந்த வீட்டை வைத்து மக்கள் வாழும் குடியிருப்புகளுக்கு, பொதுக் குடிநீர்க் குழாயையும் கழிவுநீர்க் குழாயையும் நீட்டியே ஆக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. பெரும்பாலும் பண்ணைத் தொழிலாளர்கள் வாழும் இவ்விடங்களில் பல இன்னும் தனியார் கிணற்றையும் செப்டிக் டேங்கையும் நம்பியிருக்கின்றன. நிலத்தடிப் படிவுகளிலிருந்து ஆர்சனிக் என்னும் நச்சுப்பொருள் இயற்கையாகவே அந்தக் கிணற்று நீரில் கரைகிறது. லிட்டருக்கு 10 மைக்ரோகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது நாட்டின் விதி. இந்தப் பார்க்குகளில் ஒன்றான ஒயாசிஸ் பார்க்கில் அதைப் போல ஏறத்தாழ 10 மடங்கு இருந்ததால், 2019-இல் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை அவசர ஆணை பிறப்பித்தது. காய்ச்சிக் குடிப்பதாலும் பயனில்லை. நீர் வற்ற வற்ற ஆர்சனிக்கின் செறிவு கூடத்தான் செய்யும்.

வடகரை:
அம்மக்களின் துயரத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் செலவை யார் ஏற்பது என்பதைத் தள்ளிவைத்துவிட்டு இதைப் பேச முடியாது. ஒரு சேவைக்காக வசூலிக்கும் கட்டணம் அச்சேவையின் செலவை மீறக் கூடாது என்று 1996-இல் கலிஃபோர்னிய வாக்காளர்கள் வாக்களித்து ஏற்ற 218-ஆம் முன்மொழிவு கூறுகிறது. ஆகவே, இப்போதுள்ள நுகர்வோரின் குடிநீர்க் கட்டணத்தை எடுத்து இன்னொரு பார்க்குக்குக் குழாய் பதிப்பது எளிதன்று. மேலும், 12 வீடுகள் வரையிலான தொழிலாளர் குடியிருப்புகளை விளைநிலங்களிலேயே அமைக்க 1992-ஆம் ஆண்டுச் சட்டம் வழிவிட்டதால், சிறு பார்க்குகள் வயல்களுக்கு நடுவே சிதறிக் கிடக்கின்றன. சில வீடுகளுக்காக மைல் கணக்கில் குழாய் பதிப்பதைவிடச் சமையலறைக் குழாயில் வடிகட்டி பொருத்துவதே விரைவான வழி. மாதந்தோறும் மனை வாடகை வாங்கும் உரிமையாளரே அதற்குப் பணம் தரட்டும்.

கல்லணை:
கட்டணத்திலிருந்து எடுக்குமாறு நான் கேட்கவில்லை. பாதுகாப்பான குடிநீருக்கென 2019-இல் மாநிலம் உருவாக்கிய நிதியம், ஆண்டுக்கு 13 கோடி டாலர் வரை வழங்க வழிசெய்கிறது. நீர் கெட்டுப்போன சிறு அமைப்பை அருகிலுள்ள பெரிய அமைப்போடு இணைக்குமாறு ஆணையிடும் அதிகாரமும் 2015 முதல் மாநில நீர் வாரியத்துக்கு உண்டு. சமையலறை வடிகட்டி, நிரம்பி வழியும் செப்டிக் டேங்கை என்ன செய்யும்? முற்றத்தில் கழிவுநீர் தேங்கும் இடத்தில் குழந்தைகள் விளையாடுவதைச் சகித்துக்கொள்ளுமாறு நாம் சொல்ல முடியுமா?

வடகரை:
ஒயாசிஸ் பார்க், அமெரிக்க நடுவண் அரசின் பொறுப்பிலுள்ள டோரஸ் மார்ட்டினெஸ் பழங்குடியினரின் ஒதுக்கீட்டு நிலத்தில் இருக்கிறது. அங்கே மாநில ஆணை செல்லுபடியாகாது என்பதை நண்பர் சொல்லாமல் விட்டுவிட்டார். அதே பழங்குடியினரின் ஒதுக்கீட்டு நிலத்தில் இருந்த டூரோவில் என்ற பார்க்கை உடனே மூடினால் மக்களுக்குப் போக்கிடம் இராது என்று கூறி, அதை மூட ஆணையிட 2009-இல் நீதிமன்றம் மறுத்தது. பின்னர் பொது நிதியில் புதிய வீடுகள் கட்டப்பட்டு மக்கள் குடியேறிய பிறகே 2013-இல் அது மூடப்பட்டது. மக்களை நல்ல இடத்துக்கு மாற்றுவதுதான் நேர்மையான தீர்வு. தனியார் நிலத்துக்குப் பொதுப் பணத்தில் குழாய் வந்தால், நிலத்தின் மதிப்பும் மனை வாடகையும் சேர்ந்து உயரும்.

தென்றல்:
இருவரும் பார்க்கின் எல்லையோடு நின்றுவிடுகிறீர்கள். பெரும்பாலும் அந்த எல்லையில் ஒரே மீட்டர்தான் இருக்கும். அதற்கு உள்ளே ஓடும் பழைய குழாய்களும் சாக்கடை இணைப்புகளும் உரிமையாளரின் பொறுப்பு. உள்ளே ஒழுகினால், வெளியிலிருந்து தூய நீர் வந்தும் குடியிருப்போருக்குப் பயன் முழுமையாகக் கிட்டாது. வீடு அவர்களுடையது, நிலம் இன்னொருவருடையது. பழைய வீட்டைப் பெயர்த்தெடுப்பது செலவு மிகுந்தது என்பதோடு, அதை வேறு பார்க்குகள் ஏற்பதும் அரிது. எனவே, மானியம் வழங்கும் முன்பே உட்குழாய்களை மாற்றுவது, வீட்டுக்கு வீடு மீட்டர் வைப்பது, குறிப்பிட்ட ஆண்டுகளுக்கு மனை வாடகையை உயர்த்தாமல் இருப்பது ஆகியவற்றுக்கு உரிமையாளரிடம் எழுத்து மூலமாக ஒப்புதல் பெற வேண்டும்.

வடகரை:
அந்த நிபந்தனைகள் நிலப் பத்திரத்தில் பதிவாகி, நிலம் கைமாறினாலும் புதிய உரிமையாளரைக் கட்டுப்படுத்தும் என்றால், மாநில ஆணை செல்லும் இடங்களில் என் எதிர்ப்பைத் திரும்பப் பெறுகிறேன். ஒப்பாத உரிமையாளருக்கு ஒரு டாலரும் தரக் கூடாது.

கல்லணை:
அங்கேதான் நான் உடன்பட மாட்டேன். உரிமையாளர் ஒப்பவில்லை என்பதற்காக, கையெழுத்திடும் உரிமையே இல்லாத குடும்பங்கள் ஆர்சனிக் நீரைக் குடிக்கக் கூடாது. அவர் மறுத்தால் மாநில நீர் வாரியமே பணியைச் செய்து முடித்து, செலவை அவருடைய நிலத்தின் மேல் பற்றாக, அதாவது அந்த நிலத்தின் மீதான கடனாக, எழுதட்டும்.