ஆப்சிடியன், ஸோட்டேரோ, ப்ராஜெக்ட்லிப்ரே: இரண்டு கணினிக்கு நடுவே எப்படி சிங்க் செய்வது?

தாளடி கேட்டது:

மேசையில் விண்டோஸ் 11 டெஸ்க்டாப், கையில் லினக்ஸ் லேப்டாப். ஒன்றில் விட்ட வேலையை மற்றதில் தொடர வேண்டும். உள்ளவை: குறிப்பெழுதும் செயலியான ஆப்சிடியனின் வால்ட் (குறிப்புகள் இருக்கும் ஃபோல்டர்) ஒன்று (பெரும்பாலும் தமிழ்த் தலைப்புகள்), நூல், கட்டுரை விவரங்களைத் தொகுக்கும் ஸோட்டேரோவின் நூலகம் (பிடிஎஃப் மட்டும் 6 ஜிபி), திட்டமிடும் செயலியான ப்ராஜெக்ட்லிப்ரேயின் திட்டக் கோப்புகள், சில பைத்தான் ஸ்கிரிப்ட் இருக்கும் கிட் ரெப்போ (மாற்றங்களின் வரலாற்றைக் காக்கும் கோப்புத் தொகுப்பு).

இப்போது எல்லாமே ஒரு கிளவுட் டிரைவ் ஃபோல்டருக்குள் இருக்கின்றன. ஆப்சிடியனில் ஒரே பெயரில் இரட்டைக் கோப்புகள் முளைக்கின்றன. ஸோட்டேரோவைத் திறந்தால் டேட்டாபேஸ் பழுது என்று வருகிறது. திட்டக் கோப்பில் டெஸ்க்டாப்பில் மாற்றிய தேதிகள் லேப்டாப்பில் சேமித்த பிறகு பழையபடி ஆகிவிடுகின்றன. சிங்க்திங்குக்கு (கணினிகளுக்கு இடையே நேரடியாகக் கோப்புகளைச் சிங்க் செய்யும் மென்பொருள்) மாறினால் தீருமா? இரண்டு கணினியும் ஒரே நேரத்தில் ஓடுவது அரிது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

கட்டளைவரி:

சிங்க்திங்குக்கு மாறினால் இரட்டைக் கோப்புகள் குறையும். ஸோட்டேரோ சிக்கல் அப்படியே இருக்கும். நான்கு விதமான பொருளை ஒரே ஃபோல்டரில் போட்டு ஒரே வழியில் அனுப்புவதில்தான் கோளாறு. சிங்க் மென்பொருளுக்குக் கோப்பு மட்டுமே தெரியும். அதை இந்த நிமிடம் ஒரு செயலி திறந்து வைத்து எழுதிக்கொண்டிருக்கிறதா என்பது தெரியாது. ஆகவே ஒவ்வொரு செயலியும் டிஸ்க்கில் எதை எழுதுகிறது என்று பார்த்து அதற்கேற்ற வழியைத் தேர்ந்தெடுங்கள்.

முதலில் ஸோட்டேரோவை அந்த ஃபோல்டரிலிருந்து வெளியே எடுங்கள், அதுதான் அவசரம். பிடிஎஃப்கள் நீங்கலாக அதன் நூலகம் முழுவதும் ஒரே எஸ்க்யூலைட் (ஒருவகை டேட்டாபேஸ்) கோப்பு. எஸ்க்யூலைட் அந்தக் கோப்பின் நடுவே ஆங்காங்கே பக்கங்களை மாற்றி எழுதும். பாதியில் நின்றுபோனால் மீட்பதற்கு ஜர்னல் என்று ஒரு துணைக் கோப்பையும் வைத்துக்கொள்ளும். சிங்க் மென்பொருள் முதன்மைக் கோப்பை ஒரு நொடியிலும் ஜர்னலை வேறொரு நொடியிலும் எடுத்துப் போனால், மறுமுனையில் சேர்வது எந்தக் கணத்திலும் உண்மையாக இல்லாத ஒரு டேட்டாபேஸ். சில நேரம் பிழைச் செய்தி உடனே வரும். சில நேரம் வாரக்கணக்கில் சத்தமே இல்லாமல் பதிவுகள் காணாமல் போகும், அது இன்னும் மோசம். டேட்டா ஃபோல்டரை கிளவுட் ஃபோல்டரில் வைக்காதீர்கள் என்று ஸோட்டேரோவின் வழிகாட்டியே எச்சரிக்கிறது.

செய்ய வேண்டியது: இரண்டு கணினியிலும் ஸோட்டேரோவை மூடுங்கள். எதில் நூலகம் முழுமையாக இருக்கிறதோ அதன் டேட்டா ஃபோல்டரை கிளவுட்டுக்கு வெளியே, உங்கள் ஹோம் ஃபோல்டருக்குள் நகலெடுங்கள். செட்டிங்ஸில் அட்வான்ஸ்டு பகுதிக்குப் போய் டேட்டா டைரக்டரியை அந்தப் புது இடத்துக்கு மாற்றி, டேட்டாபேஸ் இன்டெக்ரிட்டி சோதனையை ஓட்டுங்கள். பழுது என்று வந்தால் அதே ஃபோல்டரில் பேக் என்று முடியும் தானியங்கி நகல் இருக்கும், அதை முயன்று பாருங்கள். சோதனை தேறிய பிறகு ஸோட்டேரோ கணக்கில் நுழைந்து அதன் சொந்த சிங்க்கை இயக்குங்கள். மற்றக் கணினியில் வெறும் டேட்டா ஃபோல்டரோடு தொடங்கி எல்லாவற்றையும் இறக்கிக்கொள்ளுங்கள். பழைய நகலை அங்கே மறுபடி வைக்க வேண்டாம்.

நூல் விவரம், குறிப்பு, டேக் எல்லாம் கட்டணமின்றி அளவில்லாமல் சிங்க் ஆகும். பிடிஎஃப்களுக்கு மட்டும் இலவச இடம் 300 எம்பி. உங்கள் 6 ஜிபிக்கு மூன்று வழி உண்டு: கட்டணம் செலுத்தி இடம் வாங்கலாம், வெப்டேவ் (இணையம் வழியே கோப்புகளைக் கையாளும் நெறிமுறை) வசதியுள்ள சேமிப்பிடத்தை இணைக்கலாம் (இது சொந்த நூலகத்துக்கு மட்டும், குழு நூலகத்துக்கு ஆகாது), அல்லது பிடிஎஃப்களை ‘லிங்க்டு ஃபைல்’ (நூலகத்துக்கு வெளியே இருக்கும் கோப்புக்கான இணைப்பு) ஆக மாற்றித் தனி ஃபோல்டரில் வைத்து, அந்த ஃபோல்டரை மட்டும் சிங்க்திங்கில் விடலாம். மூன்றாவதில் இரண்டு கணினியிலும் பேஸ் டைரக்டரியை (இணைப்புகள் தொடங்கும் மூல ஃபோல்டர்) அந்தந்தக் கணினியின் பாதைக்கு அமைக்க மறந்தால், இணைப்பு ஒன்றும் திறக்காது. என் தேர்வு வெப்டேவ்தான். பாதை பற்றிய கவலையே இல்லை.

ஆப்சிடியன் இதற்கு நேர்மாறு. ஒவ்வொரு குறிப்பும் தனி எம்டி (மார்க்டவுன் உரை) கோப்பு என்பதால் சிங்க்திங்குக்கு மிகப் பொருத்தமானது. ஆனால் வால்ட்டுக்குள் புள்ளியில் தொடங்கும் ஒளிந்த ஆப்சிடியன் ஃபோல்டர் ஒன்று இருக்கிறது. அதிலுள்ள வொர்க்ஸ்பேஸ் ஜேசன் கோப்பு, ஒரு டேபைத் திறந்தாலே மாறும். உங்கள் இரட்டைக் கோப்புகளில் பாதியாவது இதன் நகல்களாக இருக்கும், பாருங்கள். சிங்க்திங்கில் ஃபோல்டரின் எடிட் பகுதியில் இக்னோர் பேட்டர்ன்ஸ் டேபுக்குப் போய் அந்தக் கோப்பின் பாதையைச் சேருங்கள். இந்த விலக்குப் பட்டியல் தானாக மறுமுனைக்குப் போகாது, இரண்டு கணினியிலும் தனித்தனியாக எழுத வேண்டும். பிளகின்களும் தீமும் அதே ஃபோல்டரில்தான் இருக்கின்றன. அவை சிங்க் ஆகட்டும்.

முதல் இணைப்பில் கவனம் தேவை. இரண்டு பக்கமும் பழைய வால்ட் இருக்கும்போது இணைத்தால் மாறுபட்ட ஒவ்வொரு கோப்புக்கும் மோதல் நகல் (அதே கோப்பின் இன்னொரு பிரதி) வரும், என்றோ அழித்த குறிப்புகளும் உயிர்பெறும். சரியான வால்ட்டை பேக்கப் எடுத்துவிட்டு டெஸ்க்டாப்பில் செண்ட் ஒன்லி என்று வையுங்கள். லேப்டாப்பில் காலி ஃபோல்டரில் ஏற்றுக்கொள்ளுங்கள். இரண்டிலும் அப் டு டேட் என்று வந்ததும் செண்ட் அண்ட் ரிசீவுக்கு மாற்றுங்கள். அதற்கு முன்பே கிளவுட் டிரைவிலிருந்து வால்ட்டை நகர்த்தியிருக்க வேண்டும். ஒரே ஃபோல்டரை இரண்டு சிங்க் மென்பொருள்கள் கவனித்தால், ஒன்று கொண்டுவந்ததை மற்றது புது மாற்றம் என்று எண்ணித் திருப்பி அனுப்பும்.

வலைமீன்:

மேலே சொன்னதோடு ஒத்துப்போகிறேன். விடுபட்டது, கணினிகள் ஒரே நேரத்தில் ஓடாத விஷயம். சிங்க்திங்குக்கு நடுவே சர்வர் கிடையாது. டெஸ்க்டாப்பை அணைத்துவிட்டு லேப்டாப்பைத் திறந்தால் மாற்றம் வர வழியே இல்லை. எப்போதும் ஓடும் மூன்றாவது கருவி ஒன்று வேண்டும்: ராஸ்பெர்ரி பை (சிறு கணினி), நாஸ் (வலையில் இணைக்கும் சேமிப்புக் கருவி), வாடகை சர்வர் எதுவானாலும் சரி. உங்கள் கையில் இல்லாத இடத்தில் இருக்கும் கருவி என்றால் அதை ‘அன்ட்ரஸ்டட்’ என்று குறித்துக் கடவுச்சொல் கொடுங்கள். அதற்குப் போவது மறையாக்கம் செய்த கோப்புகள் மட்டுமே.

மூன்றாவது கருவி இருந்தாலும் லேப்டாப்பை மூடும் அவசரத்தில் மோதல் வரும். கோப்பு மாறியதைக் கண்டதும் சிங்க்திங் இயல்பாக 10 விநாடி மாற்றங்களைச் சேர்த்து வைத்துப் பிறகுதான் வேலையைத் தொடங்கும். சேமித்த கையோடு மூடியைச் சாத்தினால் மாற்றம் உள்ளேயே தங்கிவிடும். சேமித்து, செயலியை மூடி, திரையில் அப் டு டேட் வந்ததா என்று பார்த்த பிறகு ஸ்லீப்புக்கு அனுப்புங்கள்.

மோதல் வந்தால் எந்தக் கோப்பின் திருத்த நேரம் பழையதோ அதன் பெயரில் சிங்க்-கான்ஃப்ளிக்ட் என்று தேதி நேரத்தோடு ஒட்டப்படும். ஒரு கணினியின் கடிகாரம் தவறாக ஓடினால் புதிய கோப்பே ‘பழையது’ ஆகிவிடும். லேப்டாப்பில் விண்டோஸும் லினக்ஸும் சேர்ந்து இருந்தால் இதைக் கட்டாயம் பாருங்கள்: வன்பொருள் கடிகாரத்தை விண்டோஸ் உள்ளூர் நேரமாகவும் லினக்ஸ் பொதுவாக யுடிசியாகவும் (உலகப் பொது நேரம்) எடுத்துக்கொள்ளும், மாற்றி மாற்றி பூட் செய்யும்போது மணிக்கணக்கில் பிசகும்.

திட்டக் கோப்புக்கு வருகிறேன். ப்ராஜெக்ட்லிப்ரேயின் பாட் கோப்பு ஒரே கட்டி. இரண்டு பிரதிகளை வரிக்கு வரி ஒப்பிட்டுச் சேர்க்க முடியாது. தேதிகள் பழையபடி ஆனதற்குப் பெரும்பாலும் காரணம் இதுதான்: லேப்டாப்பில் செயலி முன்பே திறந்திருந்தது, புதிய கோப்பு டிஸ்க்கில் வந்து இறங்கியது, செயலியின் நினைவகத்தில் பழைய திட்டம் இருந்தது, சேமி என்றதும் பழையது புதியதை மூடிவிட்டது. இதில் சிங்க்திங் மோதலாகக்கூடப் பார்க்காது. அதன் கணக்கில் நீங்கள் புதிய கோப்பைத் திருத்தியிருக்கிறீர்கள், அவ்வளவுதான். ஆகவே ஒரு நேரத்தில் ஒரு கணினியில் மட்டும் திறப்பது என்ற ஒழுங்குதான் இதற்கு ஒரே காப்பு. முக்கிய மாற்றத்துக்கு முன் கோப்புப் பெயரில் தேதி சேர்த்துத் தனியாகச் சேமித்துக்கொள்ளுங்கள்.

கோப்புகளின் பழைய பிரதிகளைக் காக்கும் சிங்க்திங்கின் ஃபைல் வெர்ஷனிங்கையும் இயக்குங்கள், அதில் ‘ஸ்டேகர்டு’ நல்ல தேர்வு. ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள்: வேறு கருவியிலிருந்து வந்த மாற்றமோ அழிப்போ ஒரு கோப்பை மாற்றும்போது மட்டுமே பழைய பிரதி எடுத்து வைக்கப்படும். நீங்கள் அதே கணினியில் அழித்தது அந்தக் கணினியில் சேமிக்கப்படாது. அதனால் எல்லாக் கருவியிலும் இயக்கினால்தான் பயன். இதற்கு மேலும் தனி பேக்கப் அவசியம். அழிப்பும் சிங்க் ஆகும் அல்லவா.

மூன்றாம்கிளை:

கிட் ரெப்போவை எந்த சிங்க் ஃபோல்டரிலும் வைக்காதீர்கள். ஒரு கமிட் (மாற்றங்களை ரெப்போவில் பதிவு) செய்தால் ஒளிந்த கிட் ஃபோல்டருக்குள் பல சிறு கோப்புகள் ஒன்றையொன்று சுட்டியபடி மாறுகின்றன. கிளை எந்தக் கமிட்டைக் காட்டுகிறது என்ற கோப்பு முதலில் போய்ச் சேர்ந்து, அந்தக் கமிட்டே இன்னும் போகாமல் இருந்தால் ரெப்போ உடைந்ததாகத் தெரியும். இன்டெக்ஸ் கோப்பில் மோதல் வந்தால் இன்னும் குழப்பம். வலைமீன் சொன்ன மூன்றாவது கருவியிலேயே ஒரு ‘பேர்’ ரெப்போ (வரலாறு மட்டும் இருக்கும், வேலைக் கோப்புகள் இல்லாத ரெப்போ) உருவாக்கி, இரண்டு கணினியிலிருந்தும் எஸ்எஸ்ஹெச் (பாதுகாப்பான தொலை இணைப்பு) வழியாகப் புஷ், புல் செய்யுங்கள்.

பைத்தானின் வென்வ் ஃபோல்டரை (தனிச் சூழலுக்கான கோப்புகள்) கிட்டிலும் சேர்க்க வேண்டாம். அதற்குள் முழுப் பாதைகள் எழுதப்பட்டிருக்கும், விண்டோஸில் உருவாக்கியது லினக்ஸில் ஓடவும் ஓடாது. தேவைப் பட்டியல் கோப்பை மட்டும் வைத்து இரண்டு பக்கமும் புதிதாக உருவாக்கிக்கொள்ளுங்கள். தமிழ்க் கோப்புப் பெயர்கள் கிட் ஸ்டேட்டஸில் எண் எண்ணாகத் தெரிந்தால், கிட்டின் கான்ஃபிக்கில் கோர் பிரிவின் கோட்பாத்தை ஃபால்ஸ் ஆக்குங்கள், தமிழிலேயே தெரியும்.

தாளடி:

ஸோட்டேரோவும் கிட்டும் சரியாகிவிட்டன, மிக்க நன்றி. ஆப்சிடியனில் இரண்டு மிச்சம். லேப்டாப்பில் சில குறிப்புகள் ஃபெயில்டு ஐட்டம்ஸ் பட்டியலில் நிற்கின்றன, பெயர் மிக நீளம் என்கிறது. விண்டோஸில் அதே பெயர் பிரச்சினையின்றி இருக்கிறதே? இரண்டாவது, ‘கொள்முதல்’ என்று இரண்டு கோப்புகள். பெயரில் ஒரு புள்ளிகூட வேறுபாடு தெரியவில்லை, மோதல் நகல் என்ற ஒட்டும் இல்லை.

கட்டளைவரி:

இரண்டும் தமிழ்ப் பெயர்களுக்கே உரிய சிக்கல், விடை ஒரே இடத்தில் இருக்கிறது. விண்டோஸின் கோப்பு முறைமையான என்டிஎஃப்எஸ் ஒரு பெயருக்கு 255 குறியீடு வரை விடும். லினக்ஸின் இஎக்ஸ்டி4 விடுவது 255 பைட். லினக்ஸில் பெயர்களை எழுதும் யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் 3 பைட், புள்ளியும் கொம்பும் துணைக்காலும் தனித்தனிக் குறியீடு. ‘கொள்முதல்’ கண்ணுக்கு 5 எழுத்து; உள்ளே 9 குறியீடு, 27 பைட். எம்டி என்ற பின்னொட்டுக்கு 3 பைட் போக 84 குறியீடுதான் மிச்சம். மோதல் வந்தால் ஒட்டும் பெயருக்கு இன்னும் 38 பைட் வேண்டும். தலைப்பை 60 குறியீட்டுக்குள், அதாவது ஏறத்தாழ 35 எழுத்துக்குள் நிறுத்துங்கள். முழு வாக்கியத்தைத் தலைப்பாக வைக்கும் பழக்கம் இருந்தால் அதைக் குறிப்பின் முதல் வரிக்கு இறக்கிவிடுங்கள். ஹோம் ஃபோல்டர் இகிரிப்ட்எஃப்எஸ் முறையில் பூட்டப்பட்டிருந்தால் எல்லை 143 பைட்டாகச் சுருங்கும். லக்ஸ் முறையில் முழு டிஸ்க்கைப் பூட்டியவர்களுக்கு இந்தக் கவலை இல்லை. பெயர் மாற்றுவதை ஆப்சிடியனுக்குள்ளேயே செய்யுங்கள், மற்றக் குறிப்புகளில் உள்ள லிங்க்குகளும் சேர்ந்து மாறும்.

இரட்டைக் ‘கொள்முதல்’ பற்றி: ஒகரக் குறியை யூனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம். ஒரே குறியீடாக, அல்லது ஒற்றைக் கொம்பு, துணைக்கால் என இரண்டு குறியீடாக. திரையில் இரண்டும் ஒன்றே. ஓகாரத்துக்கும் ஔகாரத்துக்கும் இதே நிலை. உங்கள் இரண்டு கணினியிலும் உள்ள கீபோர்டு மென்பொருள்கள் வெவ்வேறு விதமாக எழுதுகின்றன என்று நினைக்கிறேன். டெர்மினலில் இரண்டு பெயரையும், எண்ணிக்கை சொல்லும் டபிள்யூசி கட்டளைக்கு அனுப்பி பைட் எண்ணிக்கை பாருங்கள். பின்னொட்டு நீங்கலாக ஒன்று 27, மற்றது 30 என்று வரும்.

சிங்க்திங் இயல்பாகப் பெயர்களை ஒரே வடிவுக்கு (இங்கே என்எஃப்சி, அதாவது ஒகரக் குறியை ஒரே குறியீடாக எழுதும் வடிவம்) மாற்றும், ஆனால் அந்த வடிவில் ஒரு கோப்பு ஏற்கெனவே இருந்தால் கை வைக்காது. எனவே இரண்டின் உள்ளடக்கத்தையும் ஒப்பிட்டு 27 பைட் பெயருள்ளதில் சேர்த்துவிட்டு மற்றதை அழியுங்கள். மற்றப் பெயர்களையும் ஒருமுறை சரிபார்க்க லினக்ஸில் பெயர் வடிவை மாற்றும் கான்வ்எம்வி கருவியை என்எஃப்சி தெரிவோடு ஓட்டுங்கள். முதலில் என்ன மாறும் என்று காட்ட மட்டும் செய்யும். நோடெஸ்ட் என்று சேர்த்தால்தான் உண்மையாக மாற்றும். பெயர் சரியான பிறகும் குறிப்புகளுக்குள் பழைய வடிவில் எழுதிய லிங்க்குகள் திறக்காமல் போகலாம். அதற்கு எம்டி கோப்புகளின் உள்ளடக்கத்தை பைத்தானின் யூனிகோட்-டேட்டா மாட்யூலில் உள்ள நார்மலைஸ் கொண்டு என்எஃப்சி ஆக்க வேண்டும். இந்த வேலை முடியும்வரை இரண்டு கணினியிலும் சிங்க்திங்கை பாஸ் செய்து வையுங்கள்.